முட்டிப் பார்க்கும் வேலை

ஓவுலு நகரில் டிசம்பரில்
பகல் என்பது மதிய உணவு இடைவேளை அளவுதான்.
மற்றபடி எனக்கு வெயில் திரையில்.

வரைபடத்தின் வடமேற்கு மூலையில்
பெயர் வைக்க மறந்த ஒரு தீவு.
சுற்றி வர ஏழு நிமிடம்,
வாளை உறையில் போட்டு ஓடினால் ஐந்தரை.
ஒரு குன்று, ஓர் ஆடு, ஒரு குடிசை,
பன்னிரண்டு பொற்காசு உள்ள பெட்டி,
படகுத்துறையில் ஒரு மீனவன்.
பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்தினால் சொல்வான்:
"இன்றைக்குக் காற்று சரியில்லை."
நூறு முறை அழுத்தினாலும் அதேதான்.
இந்த விளையாட்டில் காற்றை இன்னும் யாரும் செய்யவில்லை.

டிராகனைக் கொல்லப் போகிறவர்கள்
இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.
வழி தப்பியவர் ஒருவர் வரலாம்.
அந்த ஒருவருக்காக நான் முட்டுகிறேன்.

வேலையே அதுதான்.
ஒவ்வொரு பாறையிலும் நெற்றியை வைத்து
இடது, வலது, குதி, மறுபடி இடது.
ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாதாம்;
விடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
செவ்வாய் மாலைக்குள் நாற்பத்தோரு குறைகள்:
வேலிக்குள் புகுந்துவிடும் ஆட்டின் கொம்பு,
அலைக்கு மேல் ஒரு விரற்கடை மிதக்கும் கூழாங்கல்,
குடிசைக்குள் பெய்யும் மழை.

நாற்பத்திரண்டாவது, மூன்றாம் பாறைக்குப் பின்னால்.
முட்டினேன். பாறை இல்லை.
விழுந்தேன்.

கீழிருந்து பார்த்தால்
தீவு என்பது கவிழ்த்த சட்டி.
குன்றுக்குள் ஒன்றுமே கிடையாது.
புல்லுக்கு வேர் இல்லை. கடல் ஒரு தாள்.
ஆட்டின் நான்கு குளம்புகள் தலைக்கு மேல் நடந்துபோயின.
துறையில் நிற்கிற மீனவனின் காலணிகளுக்கு
அடிப்பாகமே வரையவில்லை,
உள்ளே கால்களும் இல்லை.

இன்னும் கீழே
அந்தரத்தில் ஒரு பலகை.
பலகையில் ஒரு பெண்,
இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி,
உயிர் கொடுக்கும் முன் எல்லாரையும் நிறுத்துவார்களே, அப்படி.
நீல முக்காடு. மூக்கில் மச்சம்.
யாரோ மெனக்கெட்டு வைத்த மச்சம்.

வசந்தத்தில் நடந்த கூட்டம் நினைவுக்கு வந்தது.
இவ்வளவு சின்னத் தீவுக்கு
ஓர் ஆள் போதும் என்றார்கள்.
ஒஸ்மோ குறிப்பேட்டை மூடி வைத்தான்,
சரி என்றான்.

பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன்.
வாய் அசையவில்லை. எழுத்து மட்டும் வந்தது:
"அவரிடம் சொல்லுங்கள், காற்று திரும்பிவிட்டது."

மேலே ஏற வழி கிடையாது.
விளையாட்டை மூடித்தான் வெளியே வர வேண்டும்.

பத்து நிமிடம் கை ஓடவில்லை.
பிறகு எழுதினேன்:
மூன்றாம் பாறைக்குப் பின் ஓட்டை.
ஆட்டக்காரர் உலகத்துக்கு வெளியே விழுகிறார்.
தீவிரம்: அதிகம்.
அவளைப் பற்றி எழுதவில்லை.

மறுநாள் மதியம்
உள்ள வெளிச்சத்தை வீணாக்காமல் கடற்கரைக்குப் போனேன்.
விரிகுடா உறைந்து கிடந்தது.
பனிக்கட்டியின் ஓரத்தில் காலணியை வைத்து அழுத்தினேன்,
இடது, வலது.
தூண்டிலும் வாளியுமாய்ப் போன ஒருவர்
நின்று பார்த்துவிட்டு,
"தாங்கும்" என்றார்.

திரும்பியபோது புதிய பதிப்பு வந்திருந்தது.
நாற்பத்திரண்டு: சரிசெய்யப்பட்டது. ஒஸ்மோ.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.
எதிர் மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்,
தோல் அறுந்துவிடாமல், மிகக் கவனமாக.

மூன்றாம் பாறையில் இருபது முறை முட்டினேன்.
பாறை.
மீனவனிடம் போனேன்.
காற்று சரியில்லை என்றான்.

குடிசை வாசலில்தான் பார்த்தேன்.
அவனுடைய பெரிய காலணிகளுக்குப் பக்கத்தில்
சின்னதாக இன்னொரு ஜோடி,
காய்வதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தது.
அடிப்பாகம் வரைந்திருந்தது,
இடது குதிகால் கொஞ்சம் தேய்ந்து.

பட்டியலில் இல்லாத பொருள்.
எழுதியாக வேண்டும்.
முட்டிப் பார்த்தேன்.
உறுதியாக இருந்தது.
அடுத்த பாறைக்குப் போனேன்.